தம்பியின் முதுகுவலி

"உங்க தம்பிக்கு முதுகுல டி.பி.ன்னு கேள்விப்பட்டேனே, இப்ப எப்படி இருக்காரு?" என்று சென்ற வாரம்கூட என்னோடு வேலை பார்த்த ஒருவர் போன் செய்து கேட்டார். டி.பி. இல்லை என்றேன். "அப்போ கேன்சரா?" என்றார். அதுவும் இல்லை என்றதும், மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, பேச்சை மாற்றிவிட்டார். இப்படிக் கேட்பவர்கள் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. தம்பியிடம் அனுமதி கேட்டேன். "எழுதுண்ணே, நாலு பேருக்கு உதவும். பேரு மட்டும் போடாதே" என்றான்.

தம்பிக்கு இப்போது 65 வயது. மின்துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்து, குமாஸ்தாவாகி, நகரத்திலேயே தங்கிவிட்டேன். அவன் தமிழ்ப் பள்ளியில் படித்தான், பாகூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் பூர்வீக நிலத்தை விடவில்லை. வேலையில் இருந்தபோதும் விடியற்காலையில் வயலுக்குப் போய்விட்டுத்தான் ட்யூட்டிக்குப் போவான். இருபது வருடச் சர்க்கரை நோய் அவனுடைய சிறுநீரகங்களைத் தின்றுவிட்டது. ஒன்றரை வருடம் டயாலிசிஸ். பிறகு 2019ல் அவன் மனைவி தன்னுடைய சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தாள். சென்னையில் அறுவை சிகிச்சை நடந்தது. 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி வேண்டிய திருமணச் சான்று, குடும்ப அட்டை, உறுதிமொழிப் பத்திரம் எல்லாவற்றையும் வரிசைப்படுத்திக் கோப்பு கட்டியது நான்தான். முப்பத்தாறு வருடம் அரசாங்கத்தில் கோப்பு கட்டியதற்கு அதுதான் பலன் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டேன்.

மாற்றுச் சிறுநீரகம் என்றால் பழையதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் புதியதை மாட்டுவார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். பழையது இரண்டும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். புதியதை அடிவயிற்றில், முன்பக்கமாக, ஒரு ஓரத்தில் வைக்கிறார்கள். தம்பிக்கு வலது பக்கம். மேலே கை வைத்தால் ஒரு சின்ன மாங்காய் மாதிரி தட்டுப்படும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், முதுகு வலிக்கிறது என்று அவன் சொன்ன அன்றே சொந்தக்காரர்கள் எல்லாரும் "கிட்னி போச்சு" என்று முடிவு கட்டிவிட்டார்கள். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.3. அவனுக்கு எப்போதும் இருக்கிற அளவுதான். கிட்னி நன்றாகத்தான் இருந்தது. வலி வேறு இடத்திலிருந்து வந்தது.

இங்கே கொஞ்சம் பழைய கதை. மாற்றுச் சிறுநீரகக் கதையில் பிரெஞ்சுக்காரர்களுக்கு ஒரு பெரிய இடம் உண்டு. 1952 டிசம்பரில் மரியுஸ் ரெனார் என்ற 16 வயதுப் பையன், தச்சு வேலைக்காரன், சாரத்திலிருந்து விழுந்தான். அடிபட்ட சிறுநீரகத்தை எடுத்த பிறகுதான் அவனுக்குப் பிறவியிலேயே ஒன்றுதான் இருந்தது என்று தெரிந்தது. தாய் தன்னுடையதைக் கொடுத்தாள். கிறிஸ்துமஸ் இரவில் பாரிஸ் நெக்கெர் மருத்துவமனையில் டாக்டர் ழான் அம்பூர்ழேயின் குழு அதைப் பொருத்தியது. மூன்று வாரம் நன்றாக வேலை செய்தது. பிறகு பையனின் உடம்பு அதை அந்நியப் பொருள் என்று கண்டுகொண்டு ஒதுக்கிவிட்டது. ஜனவரி கடைசியில் பையன் இறந்துபோனான். உடம்பின் காவலை அடக்கிவைக்கும் மருந்து அன்று கிடையாது.

இன்று அந்த மருந்துகள் இருக்கின்றன. தம்பி தினமும் விழுங்குவது மூன்று: டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரெட்னிசலோன். மனைவியின் சிறுநீரகம் அவன் உடம்பில் நிலைத்திருப்பது இவற்றால்தான். வாசலில் நிற்கும் காவல்காரனுக்குத் தூக்க மருந்து கொடுப்பது மாதிரி. வீட்டுக்கு வந்த விருந்தாளியை அவன் விரட்டமாட்டான். ஆனால் திருடன் வந்தாலும் சரியாக எழுந்திருக்கமாட்டான். நம்மைப் போன்றவர்களுக்கு ஒன்றும் செய்யாமல் போகிற கிருமிகள்கூட இவர்களிடம் குடியேறிவிடும். குடியேறினாலும் காய்ச்சல், வீக்கம் என்று உடம்பு சத்தம் போடாது.

2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் எங்கள் கரையில் ஏறியது புதுவைக்காரர்களுக்கு மறக்காது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அதையடுத்துத் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து பாகூர் பக்கத்துக் கிராமங்களில் தண்ணீர் நின்றது. தம்பியின் மோட்டார் கொட்டகையில் முழங்கால் உயரத்துக்குச் சேறு. ஆள் கிடைக்கவில்லை என்று இரண்டு நாள் அவனே வெறுங்காலோடு இறங்கி மண்வெட்டியால் வாரிப் போட்டிருக்கிறான். சர்க்கரை நோயாளி, குதிகால் முழுக்க வெடிப்பு. டிசம்பர் நடுவில் நாலு நாள் லேசான காய்ச்சல். மாத்திரையில் அடங்கிவிட்டது. பொங்கலுக்கு நான் ஊருக்குப் போனபோது குனிந்து செருப்பு மாட்ட முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வயதானவர்களுக்கு முதுகுவலி புதிதா? தைலம், வெந்நீர் ஒத்தடம், பெல்ட் எல்லாம் ஆயிற்று. ஆனால் சாதாரண முதுகுவலி படுத்தால் குறையும். இவனுக்குப் படுத்தால் கூடியது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வான் என்று அவன் மனைவி சொன்னாள். பிப்ரவரியில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். இடுப்புப் பக்கத்து முதுகெலும்பில் மூன்றாவது, நான்காவது கண்ணிகளும் அவற்றுக்கு நடுவில் உள்ள வட்டும் அரிக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் கொஞ்சம் சீழ்.

எலும்புக்குப் பிரெஞ்சில் "ஒஸ்" என்று சொல்வார்கள். ஒன்று என்றால் "ஒஸ்", பல என்றால் எழுத்து மாறாது, ஆனால் "ஓ" என்றுதான் உச்சரிக்க வேண்டும். டிக்டேஷனில் இதற்காக நாங்கள் எல்லாரும் திட்டு வாங்கியிருக்கிறோம். ஒரு காரியம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது எதிர்பாராத சிக்கல் வந்தால் "இலியா அன் ஒஸ்" என்பார்கள். அங்கே ஒரு எலும்பு இருக்கிறது என்று அர்த்தம். எம்.ஆர்.ஐ. படத்தை வெளிச்சத்தில் வைத்து டாக்டர் காட்டியபோது எனக்கு அந்த வாக்கியம்தான் ஞாபகம் வந்தது.

நம் நாட்டில் முதுகெலும்பு அரித்திருந்தால் முதலில் நினைப்பது டி.பி. அதில் தப்பில்லை. நம்மிடம் அதுதான் அதிகம். எங்கள் ஊர்ப் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் சி.டி. படத்தின் உதவியோடு முதுகில் ஊசியைச் செலுத்தி, எலும்புத் துணுக்கு எடுத்தார்கள். எடுத்த துணுக்கு முழுவதையும் ஃபார்மலின் ஊற்றிய டப்பாவில் போட்டு அனுப்பிவிட்டார்கள். ஃபார்மலினில் போட்டால் திசு கெடாமல் இருக்கும், நுண்ணோக்கியில் வெட்டிப் பார்க்கலாம். ஆனால் அதில் இருக்கும் கிருமி செத்துப்போகும். செத்த கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது. எந்தக் கிருமி என்று தெரிய வேண்டுமானால் அதை வளர்த்தாக வேண்டும். அதாவது இரண்டு டப்பா வேண்டும். ஒன்றில் ஃபார்மலின், இன்னொன்று கிருமி வளர்க்கும் கூடத்துக்குப் போகும் சுத்தமான டப்பா. அந்த இரண்டாவது டப்பா அன்று இல்லை.

பத்து நாள் கழித்து அறிக்கை வந்தது. 'கிரானுலோமா காணப்படுகிறது, டி.பி.யாக இருக்கலாம்' என்ற பொருளில் ஒரு வரி. கிரானுலோமா என்பது உடம்பின் அணுக்கள் ஒரு எதிரியைச் சுற்றிக் கட்டும் வேலி. டி.பி.யிலும் வரும், வேறு சில நோய்களிலும் வரும். வேலியைப் பார்த்து உள்ளே இருப்பது யார் என்று சொல்ல முடியாது. ஆனால் டி.பி. மாத்திரையை அன்றே ஆரம்பிக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

சீட்டைச் சென்னையில் சிறுநீரக டாக்டருக்கு அனுப்பினோம். அரை மணி நேரத்தில் அவரே கூப்பிட்டார். "மாத்திரையைத் தொடாதீங்க. முதல்ல இங்க வாங்க" என்றார்.

போனபோது அவர் சொன்ன காரணத்தை நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். டி.பி.க்கு முக்கியமான மருந்து ரிஃபாம்பிசின். அது கல்லீரலைத் தூண்டிவிட்டு மற்ற மருந்துகளைச் சீக்கிரம் கரைத்து வெளியே தள்ள வைக்கும். டாக்ரோலிமஸும் அதில் அடக்கம். ரத்தத்தில் அதன் அளவு சரிந்தால் உறங்கும் காவல்காரன் எழுந்து சிறுநீரகத்தை விரட்ட ஆரம்பிப்பான். உண்மையிலேயே டி.பி. என்றால் அளவைப் பல மடங்கு கூட்டியோ, மாற்று மருந்து கொடுத்தோ சமாளிக்கலாம், சமாளித்தும் இருக்கிறார்கள். "ஆனா டி.பி. இல்லைன்னா? நோயும் ஆறாது, கிட்னியும் போகும். இவர் மாதிரி ஆளுங்களுக்கு எலும்புல நோக்கார்டியா வரலாம், சால்மொனெல்லா வரலாம், டி.பி.யோட சித்தப்பா பெரியப்பா பிள்ளைங்க மாதிரி சில மைக்கோபாக்டீரியாக்கள் வரலாம். ஊகத்துல ஆறு மாசம் மருந்து குடுக்க முடியாது. இன்னொரு தடவை ஊசி போட்டு எடுக்கணும்" என்றார்.

இதைக் கேட்டதும் குடும்பத்தில் சண்டை. தம்பி மகன் பொறியாளன், பெங்களூரில் இருக்கிறான். "ஒரு தடவை குத்தினது போதாதா? அறிக்கையில போட்டிருக்கு, மாத்திரை ஆரம்பிக்க வேண்டியதுதானே, அப்பா ராத்திரி எல்லாம் கத்தறாரு" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வலியில் துடிப்பவனை இன்னும் ஒரு வாரம் காத்திரு என்று யார் சொல்வது? டாக்டரிடம் அதையே கேட்டேன். காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் கழிப்பதில் சிக்கல் வந்தாலோ ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது, உடனே அறுவை சிகிச்சை என்றார். அப்படி எதுவும் இல்லை, காய்ச்சல் கூடவில்லை, அதனால் சில நாள் பொறுக்கலாம், பொறுத்தால்தான் சரியான மருந்து கிடைக்கும் என்றார்.

வராந்தாவில் தம்பி மனைவி என் பக்கத்தில் வந்து நின்றாள். அதுவரை அவள் ஒன்றும் பேசவில்லை. "மாமா, நான் குடுத்தது போயிடுமா?" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள். அடிவயிற்றுத் தழும்பின் மேல் கை இருந்தது. எனக்குப் பதில் வரவில்லை. உள்ளே படுத்திருந்த தம்பி எப்படியோ கேட்டுவிட்டான். "இன்னொரு தடவை குத்தட்டும்ணே. எது வந்திருக்குன்னு தெரிஞ்சிக்கிட்டு சாப்பிடறேன்" என்றான். சண்டை அதோடு முடிந்தது.

இரண்டாவது தடவை எலும்பும் சீழும் எடுத்தார்கள். டப்பாக்கள் வேறுவேறு பரிசோதனைக்காகத் தனித்தனியாகப் போயின. மறுநாள் சாயங்காலம் நுண்ணுயிரியல் பிரிவிலிருந்து ஒரு டாக்டரம்மா கட்டில் பக்கத்துக்கே வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பரிசோதனைக்கூடத்து டாக்டர் நோயாளியைத் தேடி வந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்டார். ஆடு மாடு இருக்கிறதா, காய்ச்சாத பால் குடிப்பீர்களா, வெளிநாடு போனீர்களா, வயலில் இறங்குவீர்களா, கடைசியாக எப்போது இறங்கினீர்கள்? தம்பி புயல் கதையைச் சொன்னான். அவர் அவன் பாதத்தைத் திருப்பிக் குதிகாலைப் பார்த்தார். "வெறுங்காலா?" என்றார். "சேத்துல எங்கம்மா செருப்பு நிக்கும்" என்றான் தம்பி.

இரண்டு நாளில் கிருமி வளர்ந்தது. முதலில் இயந்திரம் சாதாரணமாகத் தண்ணீரிலும் மருத்துவமனையிலும் திரியும் வேறொரு கிருமியின் இனம் என்று காட்டியதாம். பல இடங்களில் அதோடு விட்டுவிடுவார்கள், எங்கிருந்தோ ஒட்டிக்கொண்ட அழுக்கு என்று ஒதுக்கியும் விடுவார்கள். அந்த அம்மா வயல் கதையைக் கேட்டிருந்ததால் விடவில்லை. சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு முனையும் கருத்து, நடு வெளுத்து, ஊக்கு மாதிரி தெரிந்தது என்றார். மேலும் சில பரிசோதனை செய்து பெயரைச் சொன்னார்: பர்க்ஹோல்டேரியா சூடோமாலை. அது உண்டாக்கும் நோய் மெலியாய்டோசிஸ். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிற கிருமி. நெல் வயல் அதற்குப் பிடித்த இடம். மழையும் வெள்ளமும் அதை மேலே கொண்டுவரும். தோல் வெடிப்பு வழியாக நுழையும், காற்றில் தூவானத்தோடு மூச்சிலும் போகும். சர்க்கரை நோய், சிறுநீரக நோய், காவலை அடக்கும் மருந்து இவை இருப்பவர்களை அதிகம் பிடிக்கும். தம்பிக்கு மூன்றும் உண்டு.

பெயர் தெரிந்த பிறகு நான் சும்மா இருப்பேனா? படிக்க ஆரம்பித்தேன். 1911ல் ரங்கூன் மருத்துவமனையில் ஆல்ஃபிரட் விட்மோர் என்ற ஆங்கிலேய டாக்டரும், அவரோடு பணிபுரிந்த சி.எஸ். கிருஷ்ணசாமியும் கண்டுபிடித்த நோய். பெயரைப் பார்த்தாலே கிருஷ்ணசாமி நம் தென்னாட்டுக்காரர் என்று தெரிகிறது. நோய்க்கு விட்மோர் பெயர் நின்றது, கிருஷ்ணசாமியின் பெயரைச் சொல்பவர்கள் குறைவு. பிரெஞ்சுக்காரர்களும் இதை "மலதி தெ விட்மோர்" என்றுதான் சொல்கிறார்கள். இந்தோசீனாவில் போரிட்ட பிரெஞ்சுப் படையினருக்கும், பின்னால் வியட்நாமில் அமெரிக்கப் படையினருக்கும் இது வந்திருக்கிறது. எங்கள் தெருவில் சைகோனிலிருந்து திரும்பி வந்த பென்ஷன் சொல்தாக்கள் மூன்று பேர் இருந்தார்கள். சிறுவயதில் அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து நெல் வயலில் இடுப்பளவு தண்ணீரில் நடந்த கதைகளைக் கேட்டிருக்கிறேன். அந்தத் தண்ணீரில் இது இருந்திருக்கும்.

ஊரும் தட்பவெப்பமும் ஒத்துவராத பாரிஸைக்கூட இது விடவில்லை. 1970களின் நடுவில் அங்கே ழார்தென் தெ பிளாந்த் விலங்குக் காட்சிசாலையில் மிருகங்களுக்கு வந்து, பிறகு நாட்டின் வேறு இடங்களில் குதிரைகளுக்கும் பரவியது. இன்னொன்று படித்தபோது தூக்கிவாரிப் போட்டது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்களிடம் கைதியாக இருந்த ஒரு அமெரிக்க வீரருக்கு 62 வருடம் கழித்துக் கையில் புண்ணாக இது வெளிப்பட்டிருக்கிறது. அவ்வளவு காலம் உடம்புக்குள் பதுங்கியிருக்க இதனால் முடியும்.

இந்தியாவில் 1991ல் மும்பையிலிருந்து ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். பிறகு வேலூர், மணிப்பால் போன்ற இடங்களில் தேட ஆரம்பித்ததும் நிறையப் பேரிடம் இருப்பது தெரிந்தது. 2016ல் வெளியான ஒரு கணிப்பு, உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,65,000 பேருக்கு இது வருகிறது, 89,000 பேர் இறக்கிறார்கள் என்கிறது. அதில் பெரும்பங்கு நம் தெற்காசியாவில். ஆனால் நம் ஊரில் யாரைக் கேட்டாலும் பெயர் தெரியாது. நான் மருத்துவச் செலவு ஈட்டுப் பிரிவில் ஆறு வருடம் இருந்தவன், ஆயிரக்கணக்கான சீட்டுகள் கையில் வந்துபோயின, ஒன்றில்கூட இந்தப் பெயரைப் பார்த்த ஞாபகம் இல்லை. நோய் இல்லாமல் இல்லை. 'டி.பி.' என்றும் 'காய்ச்சல்' என்றும் வேறு தலைப்பில் போயிருக்கும். அலுவலகத்தில் கோப்புக்குத் தலைப்பு மாறிப்போனால் அது வேறு பிரிவு அலமாரியில் உட்கார்ந்துவிடும், வருடக்கணக்காகத் தேடினாலும் கிடைக்காது. நோய்க்கும் அப்படித்தான் போலிருக்கிறது.

சிகிச்சை எளிதில்லை. செஃப்டாசிடிம் என்ற மருந்தை எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்ற வேண்டும். எலும்பு என்பதால் ஆறு வாரம். இரண்டு வாரம் மருத்துவமனையிலும், பிறகு கையில் நீளமான மெல்லிய குழாய் வைத்து வீட்டிலும் ஏற்றினார்கள். பக்கத்துத் தெருவில் ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் மூன்று வேளையும் வந்து போட்டார். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து. ஒருநாள்கூடத் தவறவில்லை. பணம் வாங்க மறுத்துவிட்டார். அதன் பிறகு ஆறு மாதம் கோ-டிரைமாக்சசோல் மாத்திரை. செப்ட்ரான் என்று நாம் எல்லாரும் ஒருகாலத்தில் சாப்பிட்ட பழைய மாத்திரைதான், அளவு மட்டும் அதிகம். இடையில் நிறுத்தினால் பதுங்கியிருக்கும் கிருமி திரும்பி வரும்.

இதற்கிடையில் சிறுநீரகத்தையும் காப்பாற்ற வேண்டும். கிருமியை அழிக்கக் காவல்காரன் கொஞ்சம் விழித்திருக்க வேண்டும், ரொம்ப விழித்தால் சிறுநீரகம் போகும். மைக்கோஃபினோலேட்டை நிறுத்தி வைத்தார்கள், மற்ற இரண்டையும் அளந்து அளந்து கொடுத்தார்கள். வாரம் ஒரு முறை ரத்தப் பரிசோதனை. ஒருநாள் கிரியாட்டினின் 1.8 என்று வந்தது. அன்று தம்பி வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அந்த மாத்திரைக்கே கிரியாட்டினினைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டும் குணம் உண்டு, இன்னும் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். பொட்டாசியமும் ஏறும் என்று இளநீர், வாழைப்பழம் எல்லாம் நிறுத்தம். ஐந்து தென்னை மரம் வைத்திருப்பவன் இளநீர் குடிக்கக் கூடாது. அடுத்த வாரம் 1.6, அதற்கடுத்து 1.5, அங்கேயே நின்றது. 2025 அக்டோபர் கடைசியில் மாத்திரை முடிந்தது. முடிந்த பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ.யில் சீழ் இல்லை. அரித்த இரண்டு கண்ணியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. குனிவதில் கொஞ்சம் கஷ்டம். மற்றபடி நடக்கிறான், வண்டி ஓட்டுகிறான். கிரியாட்டினின் 1.4.

ஒரு விஷயம் எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது. தம்பி சாப்பிடும் டாக்ரோலிமஸ், ஜப்பானில் த்சுகுபா பகுதி மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து 1984ல் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன்னால் பயன்பட்ட சைக்ளோஸ்போரின், நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து வந்தது. அவன் உயிரைக் காக்கும் மருந்தும் மண் கொடுத்தது, முதுகை அரித்த கிருமியும் மண் கொடுத்தது. இதை அவனிடம் சொன்னேன். "மண்ணுக்கு என்னண்ணே தெரியும், நாமதான் பாத்து இறங்கணும்" என்றான்.

உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களும் சர்க்கரை நோயாளிகளும் இதைப் படிப்பவர்களில் இருக்கலாம். அவர்களுக்காக நாங்கள் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். மழைக்காலத்தில் சேற்றிலும் தேங்கிய நீரிலும் வெறுங்காலோடு இறங்காதீர்கள். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் கடையில் கிடைக்கிறது. காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் இறங்கவே வேண்டாம். ராத்திரியிலும் விடாத முதுகுவலி, காய்ச்சல் இல்லாவிட்டாலும், இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் மாற்று அறுவை செய்த டாக்டருக்குத் தெரிவியுங்கள். வேறு எந்த டாக்டர் எந்தப் புது மாத்திரை எழுதினாலும் அவரைக் கேட்காமல் விழுங்காதீர்கள். உடம்பிலிருந்து துணுக்கு எடுக்கும்போது, "கல்ச்சருக்கும் அனுப்பறீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள், எந்தத் தண்ணீரில் இறங்கினீர்கள் என்று நீங்களே சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனைத் தாளில் அது வராது.

நிலத்தைத் தம்பி குத்தகைக்கு விட்டிருக்கிறான். விட வைத்தது அவன் மனைவி. ஒரு வாரம் பேசாமல் இருந்தான், பிறகு கையெழுத்துப் போட்டான். இப்போதும் தினமும் காலையில் வண்டியில் போய் வரப்பு ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு வருகிறான். குத்தகைக்காரருக்கு யோசனை சொல்லித் தொந்தரவு செய்கிறான் என்று கேள்வி. வண்டியின் பின்னால் ஒரு ஜோடி கறுப்பு பூட்ஸ் எப்போதும் கட்டியிருக்கும். அதைக் கட்டிவிடுவது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.